ஏற்றிவிட வந்தவன்

எங்கள் ஊரில் ஒருவரை ரயில் ஏற்றிவிடுவது என்றால் கூடவே ஏறுவது என்று அர்த்தம். பிளாட்பாரத்தில் நின்று கையசைப்பவர்கள் தூரத்துச் சொந்தம். நெருங்கின சொந்தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏற வேண்டும். அதை சீட்டுக்கு அடியில் தள்ள வேண்டும், எதிர் சீட்டுக்காரர் எதுவரை போகிறார் என்று விசாரிக்க வேண்டும், ‘செத்த பாத்துக்கங்க’ என்று ஆளை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் இறங்க வேண்டும். திண்டுக்கல் ஜங்ஷனில் வண்டி நிற்கிற சில நிமிஷத்துக்குள் இத்தனையும் நடந்து முடியும்.

என் கணவர் இதற்கென்றே பிறந்தவர். விதை, உரக் கடை வைத்திருந்தார். தெருவில் யார் ஊருக்குப் போனாலும் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஜங்ஷனுக்குக் கிளம்பிவிடுவார். ஓடுகிற வண்டியிலிருந்து அவர் இறங்கும்போது வேட்டி எங்கே மாட்டிக்கொள்ளுமோ என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை இறங்க முடியாமல் கொடைரோடு வரைக்கும் போய் பஸ்ஸில் திரும்பினார். வெட்கப்படுவார் என்று பார்த்தால், ஒரு வாரம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் கணக்கு டீச்சர். வேடசந்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். காலையில் மில் பஸ்களுக்கு நடுவே இடித்துப் பிடித்துப் போய், சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வந்தேன். வகுப்பில் மட்டுமில்லை, வீட்டிலும் முடிவெடுத்தது நான்தான். எந்த வீட்டை வாங்குவது, மகன் எந்தக் கல்லூரியில் சேருவது, கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டுக்கு முதலில் போவது எல்லாம் என் தீர்ப்பு. என் கணவர் அதில் மகிழ்ச்சியாகவே இருந்தார். என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

எங்களுக்கு ஒரே மகன். ஜப்பானில், பெரிய நகரம் என்று சொல்ல முடியாத ஓர் ஊரில், கார்களுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து, போன மழைக்காலத்துக்கு முன்னால், அவனோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். ஊரில் எல்லோரிடமும் மகனைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் போனேன்.

அவன் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவான். அந்தக் குட்டி ஃபிளாட்டில் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. தெருவில் மனுஷரே இல்லை. வீடுகள் இருந்தன, வீட்டு வாசலில் பூந்தொட்டிகள் இருந்தன, ஆட்களைத்தான் காணோம். மூன்றாம் நாள் நடந்துகொண்டே போனபோது ரயில்வே ஸ்டேஷன் வந்தது. அங்கே ஆட்கள் இருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அங்கே ஆஜராகிவிடுவேன்.

பெரிய ஸ்டேஷன் இல்லை. கீழே மலைப்பக்கம் போகிற இரண்டு பெட்டி வண்டிகள் வந்து நிற்கும். மேல்தளத்தில் புல்லட் ரயில். அதில் பாதிக்கு மேல் நிற்காமல் போய்விடும். போகும்போது கட்டடத்தின் தரை லேசாக அதிரும். டிக்கெட் வாசலுக்கு வெளியே கண்ணாடி போட்ட காத்திருப்பு அறை, அதில் சின்னதாக ஒரு ஹீட்டர். பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுகிற நூடுல்ஸ் கடை. ஒரு கிழவர் வந்து நிற்பார், நான்கு நிமிஷத்தில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கிண்ணத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டுப் போவார். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் எனக்கு மூச்சு சீராக வரும்.

நான் முதல் வாரம் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். அது என் சுபாவம். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு ஊழியர், வண்டி போன பிறகு, யாருமே இல்லாத தண்டவாளத்தைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ உரக்கச் சொல்வார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. பாவம், மூளை கலங்கின மனுஷன் என்று நினைத்தேன். மகனிடம் கேட்டதற்கு, அதுதான் அவருடைய வேலை முறை, கண்ணால் பார்த்ததை விரலாலும் வாயாலும் உறுதி செய்தால் தப்பு நடக்காது என்றான். நான் வகுப்பில் பிள்ளைகளை வாய்விட்டுக் கணக்குப் போடச் சொன்னது இதற்காகத்தான். அதற்குப் பிறகு அவரை எனக்குப் பிடித்துவிட்டது. போகப் போக என்னைப் பார்த்தால் அவரும் லேசாகத் தலை குனிவார். நானும் குனிவேன்.

ஒரு நாள் அவர் மடிக்கிற பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தள பிளாட்பாரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நின்றார். காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. வண்டி வந்து நின்றது. சரியாக அவருக்கு முன்னால் கதவு திறந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு அம்மா. பலகையைச் சாய்த்துப் போட்டார், அந்த அம்மா இறங்கினார், வண்டி போய்விட்டது. அரை நிமிஷ வேலை.

அந்தப் பெட்டியில் அந்த அம்மா வருகிறார் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் கேட்டேன். ஏறின ஸ்டேஷனிலிருந்து சொல்லிவிடுவார்கள் என்றான். இத்தனாவது பெட்டி, இத்தனாவது கதவு, ஆள் வருகிறார், காத்திருங்கள் என்று.

“சொன்னாப் போதும்மா, ஆளு வந்து நிப்பாங்க” என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நான் செய்த காரியத்தை இனி இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் மூன்று நாள் இருந்தார். முதல் நாளே டாக்டர், மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகன் அப்போதுதான் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பயிற்சிக் காலம் முடிகிற வாரம், வேலையை நிரந்தரமாக்கும் தேர்வு அந்த வாரத்தில். கிளம்பி வந்தால் அது போய்விடும், இவர் எப்படியும் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

உள்ளே போனதும் அவர் கேட்டார், “தம்பிக்குச் சொல்லிட்டியா டீச்சர்?”

“சொல்லிட்டேன். கெளம்பிட்டான்” என்றேன்.

பதற்றத்தில் வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. யோசித்துத்தான் சொன்னேன். கேட்டால் தெம்பாக இருப்பார் என்று சொன்னேன். தெம்பாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் வந்தாலும் பார்த்தார், டீ கொண்டு வந்தவரையும் பார்த்தார். இரண்டாம் நாள் சாயங்காலம், மெட்ராஸ் வந்திருப்பானா என்றார். மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து, “ஜங்ஷனுக்கு யாரையாச்சும் அனுப்பு. பெட்டியோட நிப்பான், பாவம்” என்றார். அனுப்பிவிட்டேன் என்றேன். கோயில் முதல் மணி அடிப்பதற்குள் போய்விட்டார்.

மகனிடம், தூக்கத்திலேயே போய்விட்டார், எங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னேன். அவன் வருகிறேன் என்றான். எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக உடலைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பது சாதாரணம். பங்குச் சாமியாரும் வைக்கலாம் என்றுதான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். தேர்வை எழுதிவிட்டு அடுத்த வருஷம் வா என்று அவனுக்கு உத்தரவு போட்டேன். அடக்கத்தை அவன் வீடியோ காலில் பார்த்தான். யாரோ போனைக் குழிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவன் முகம் கல் மாதிரி இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனான். தேர்வில் தேறினான்.

சொந்தக்காரர்கள், பெத்த அப்பனுக்கு லீவு போட முடியாத வேலை என்ன வேலை என்று பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். மூன்று நாளும் அவனுக்குத் தகவல் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மகன் பெயர் ஊரில் கெட்டது, நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்பு கொடுத்தார், ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் சொல்லச் சொன்னார். கடைசியில், மகனிடமும் சொல்லிவிடுங்கள் டீச்சர் என்றார். ஜெபமாலையை அன்றைக்கே முடித்துவிட்டேன்.

ஆக, அந்த இரண்டு மாதமும் நான் அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, முதல் வார்த்தை என்ன என்று. வண்டிகள் வந்தன, போயின. ஒவ்வொரு வண்டிக்கும் டிக்கெட் வாசலுக்கு வெளியே யாராவது ஒருவர் நின்று, வருகிறவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஜங்ஷனில் இந்தக் காட்சியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தேடுகிறவர் கண்ணைக் கவனித்ததில்லை. ராத்திரி மகன் வருவான். நான் கத்திரிக்காயோ முட்டைக்கோஸோ ஏதாவது வெஞ்சனம் வைத்திருப்பேன். நல்லா இருக்கும்மா என்று சாப்பிடுவான். களைத்துப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். தைரியம் இல்லை என்பதற்கு நான் வைத்திருந்த பெயர் இரக்கம்.

அப்படியே கிளம்புகிற நாளும் வந்துவிட்டது. அன்றைக்குத் தொழிற்சாலையில் ஏதோ சோதனை, அவனுக்கு லீவு இல்லை. மத்தியானம் வரைக்கும் அனுமதி வாங்கியிருந்தான். ஏற்பாடு என்னவென்றால், என்னை இங்கே புல்லட் ரயிலில் ஏற்றிவிடுவான், கடைசி ஸ்டேஷனில் அவனுடைய நண்பன், ஒட்டன்சத்திரத்துப் பையன், வந்து இறக்கி விமானத்தில் ஏற்றிவிடுவான். மகன் பிளாட்பாரச் சீட்டு வாங்கி மேல்தளத்துக்கு வந்தான். கையுறைக்காரர் அங்கே நின்றிருந்தார். என் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். இந்த முறை தலை நன்றாகவே குனிந்தது.

வண்டி வந்து நின்றது. மகன் பெட்டியைக் கதவுக்குள் தூக்கி வைத்துவிட்டு வெளியே நின்றான். உள்ளே போம்மா, ஜன்னல் சீட்டு என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டியை மேலே யார் தூக்கி வைப்பது? இதென்ன, தூரத்துச் சொந்தமா? ஏறி வந்து வைத்துவிட்டுப் போ என்றேன். இங்கே அப்படி ஏறக் கூடாது, ஒரு நிமிஷம்தான் நிற்கும், கதவு மூடிவிடும் என்றான். நான் டீச்சர் குரலை எடுத்தேன்.

“ஒங்க அப்பா எத்தன பேர ஏத்தி விட்டிருப்பாரு. ஏறு தம்பி” என்றேன்.

ஆறு அடி உயரத்தில், ஜப்பான் சட்டதிட்டம் அத்தனையும் தெரிந்த பிள்ளை, என் குரலுக்குப் பயந்து ஏறினான். பெட்டியை மேலே வைத்தான். கைப்பையை என் மடியில் கொடுத்தான். பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதாகத்தான் இருக்கும். வண்டி கிளம்பப் போகிறது என்பதற்கு அடையாளமாக வெளியே ஒரு இனிமையான இசை ஒலித்து நின்றது. அவன் வாசலுக்கு ஓடுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையுறைக்காரரின் முகம் வந்து, வாய் திறந்தபடி நகர்ந்து போனது. அவருடைய ஸ்டேஷனில் இப்படி ஒரு தப்பு அதற்கு முன்னால் நடந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். மகன் நடைவழியில் நின்றபடியே குனிந்து குனிந்து விளக்கினான். அவர் கோபப்படவில்லை. அடுத்த ஸ்டேஷன் இருபத்தைந்து நிமிஷத்தில் வரும், அங்கே இறங்கி எதிர்வண்டியில் திரும்பிவிடலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பக்கத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பையை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய், அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் உட்கார்ந்தான். சிரித்தான். அப்பாவின் சிரிப்பு அது, ஒரு பக்கமாகக் கோணும். கொடைரோடு கதையைச் சொன்னான், இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அப்பா குடுத்து வெச்சவரும்மா. யாரையும் எதிர்பாத்துக் கெடக்காம, தூக்கத்துலேயே போயிட்டாரு. அத நெனச்சுத்தான் நான் மனச ஆத்திக்கிறேன்.”

இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் வரவில்லை. தூக்கத்தில் போகவில்லை என்றேன். மூன்று நாள் இருந்தார் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போனைப் பைக்குள் வைத்தது, கிளம்பிவிட்டான் என்று சொன்னது, அவர் கதவைப் பார்த்தது, ஜங்ஷனுக்கு ஆள் அனுப்பச் சொன்னது, ஊர் பேசினது, நான் சும்மா இருந்தது எல்லாம். வரிசையாகச் சொன்னேனா, முன்னே பின்னே சொன்னேனா தெரியாது. வெளியே அறுவடை முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா எத்தனை தடவை என்னைக் கேட்டார் என்றான். எண்ணவில்லை என்றேன்.

“நீ யாரும்மா இத முடிவு பண்ண?” என்றான்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், உன் நல்லதுக்குத்தான் என்று வாதாடியிருப்பேன். மெதுவாகக் கேட்டான். அவன் கையிலிருந்த சீட்டு கசங்கிக்கொண்டே இருந்தது.

வண்டி வேகம் குறைந்தது. அவன் எழுந்தான். என்னைப் பார்க்காமல், போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல், நடைவழியில் போனான். கண்ணாடிக் கதவு திறந்து அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வண்டி நின்றது. ஆட்கள் இறங்குவது ஜன்னலில் தெரிந்தது. பிளாட்பாரத்தில் அவன் உயரத்தைத் தேடினேன். ஒரே மாதிரி கறுப்புக் கோட்டுகள். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆக, மகனும் போய்விட்டான் என்று நினைத்தேன். அவன் அப்பா மூன்று நாள் கதவைப் பார்த்தார், நான் இனிமேல் ஆயுசு முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த ஊர் வண்டியில் யாரும் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை.

எவ்வளவு நேரமோ, நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பெட்டிகள் இணைகிற இடத்தில், அவன் நின்றிருந்தான். போன் காதில் இருந்தது. எதிரே யாருமே இல்லாத சுவரைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தான். பேசினான், குனிந்தான், மறுபடி பேசினான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஏர்போர்ட் வரைக்கும் வருகிறேன், லீவு சொல்லிவிட்டேன் என்றான்.

அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் அவசர லீவு எடுத்ததே இல்லை. இன்றைக்கு எப்படிக் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கேட்டாய் என்றேன்.

“எங்க அப்பா இறந்துட்டாருன்னு சொன்னேன்.”

நான் திகைத்துப் போனேன். இரண்டு வருஷம் ஆயிருச்சே தம்பி, அவங்ககிட்டப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன். அதைக் கேட்கிற வாயா என் வாய் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

“பொய் இல்லம்மா” என்றான். “எனக்கு இன்னைக்குத்தான சொல்லியிருக்க.”

மேலதிகாரி அவனுக்கு ஆறுதல் சொன்னாராம். அடக்கம் எப்போது என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவன் குரல் பாதியில் நின்றுபோனது. முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவனைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தன் அப்பாவுக்காக அவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.